டோப்பா வைத்தவனுக்கு அது தலைமுடி

"கெட்டப் போட்டுட்டா கேரக்டர் தானா வந்துடும்" என்று செட்டில் அடிக்கடி சொல்வார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி எனக்குப் புரிந்தது ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் மேன்ஷன் ஓனராக நடித்தபோது. திருவல்லிக்கேணியில் ஒரு பழைய மேன்ஷன். அறைக்கு மூன்று பேராகத் தங்கி வேலை தேடும் பையன்கள். அவர்களை மேய்க்கிற ஒரு கிறுக்கு முதலாளி. அந்தக் கிறுக்கு முதலாளிதான் நான். தொடர் முடிந்து நாளாகிவிட்டது. இன்றைக்கும் பஸ்ஸில் என் முகத்தைப் பார்த்து யாருக்கும் அடையாளம் தெரியாது. கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டால் போதும், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மிமிக்ரி மேடையிலிருந்து தொலைக்காட்சிக்கு வருகிற தம்பி தங்கைகள் கெட்டப் விஷயமாக என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்கிரிப்டில் ஓனரைப் பற்றி இருந்தது இவ்வளவுதான்: வயது அறுபதுக்கு மேல், இளமையில் நாடகத்தில் நடித்தவர், வாடகை விஷயத்தில் கறார். இயக்குநர் மனதில் இருந்ததோ பெரிய தொந்தி, கொம்பு மீசை, கலர் கண்ணாடி, கையில் தடி, தலையில் ஒரு மாதிரியான விக். முதல் நாள் டெஸ்ட் ஷூட்டில் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் மேக்கப் அண்ணன் நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகப் போனவர். ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு மீசையைப் பிய்த்தார், தொந்தியை உருவினார், தடியை வாங்கி ஓரமாக வைத்தார். "எல்லாமே சிரிப்பா இருந்தா எதைப் பார்த்து தம்பி சிரிக்கிறது?" என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "இந்த ஆளு கண்ணாடியில தன்னைப் பார்த்து கடைசியா திருப்திப்பட்டது எந்த வருஷம்?"

எனக்கு யாரும் சொல்லித் தந்ததில் இதைவிடப் பயனுள்ளது வேறு இல்லை. கிறுக்கான பாத்திரம் எதை எடுத்தாலும் அதற்குள் இப்படி ஒரு வருஷம் இருக்கும். அந்த வருஷத்தோடு அவர் கடிகாரம் நின்றுபோயிருக்கும். எங்கள் ஓனருக்கு 1978 என்று முடிவு செய்தோம். அப்போது அவருக்கு மேடையில் கைதட்டல் கிடைத்தது, தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த வருஷம் அவர் எப்படி இருந்தாரோ, அப்படியே இன்றும் இருப்பதாக நினைக்கிறார். அவர் கோமாளி வேஷம் போடவில்லை. அவருடைய கணக்கில் அவர் நன்றாக உடுத்திக்கொண்டு கிளம்புகிறார். பார்க்கிற நமக்குத்தான் வேடிக்கை. கெட்டப் போடுகிறவர் இதை மறந்தால் பாத்திரம் ஃபேன்சி டிரஸ் போட்டியாகிவிடும்.

வருஷம் முடிவான பிறகு உடை சுலபமாக வந்தது. சஃபாரி சூட், வெள்ளை ஷூ. சஃபாரிக்குத் துணி பாரிமுனை கோடவுன் தெருவில் வாங்கினோம். பழைய டெரிகாட்டன் பளபளப்புக்குப் பக்கத்தில் வருகிற ஒரு காப்பிக்கொட்டை நிறம். மெல்லிய கோடு போட்ட துணிதான் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் கேமராமேன் வேண்டாம் என்றார். நெருக்கமான கோடுகளும் பொடிக் கட்டங்களும் திரையில் நெளியும், பார்க்கிறவர் கண் வசனத்தை விட்டுவிட்டு அங்கேயே நிற்கும். சுத்த வெள்ளையும் ஆகாது. விளக்கு பட்டு வெளிறிப்போகும். அதனால் ஓனரின் கைக்குட்டையையும் உள்பனியனையும் டீ டிகாஷனில் முக்கிக் காயப்போட்டோம். நேரில் பார்த்தால் அழுக்கு, கேமராவில் வெள்ளை.

டெய்லரிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: என் அளவுக்குத் தைக்காதீர்கள், 1978-இல் இந்த மனிதர் இருந்த அளவுக்குத் தையுங்கள். ஆகவே சட்டை ஒரு சுற்று சின்னது. பொத்தானைப் போட்டால் நெஞ்சு தானாக நிமிர்ந்துவிடும். குனிய முடியாது. குனிய முடியாதவன் என்ன செய்வான்? கீழே விழுந்த சாவியை எடுக்க அடுத்தவனை ஏவுவான். ஓனர் எல்லோரையும் அதிகாரம் பண்ணுகிற குணம் இப்படி வந்ததுதான், வசனத்தில் எழுதி வந்ததில்லை. சட்டையில் நாலு பாக்கெட். மேல் இடதில் வாடகை நோட்டு, மேல் வலதில் சீப்பு, கீழ் இரண்டிலும் சாவிக்கொத்து. கோபத்தில் எந்தப் பாக்கெட் என்று தடவிக்கொண்டு நிற்பதே பிறகு ஒரு எபிசோடுக்கு விஷயமானது.

ஷூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தலையிலிருந்து தொடங்குகிறார்கள். நான் காலிலிருந்து தொடங்கச் சொல்வேன். செருப்பு மாறினால் நடை மாறும், நடை மாறினால் இடுப்பு மாறும், பேச்சின் வேகம்கூட மாறும். வெள்ளை ஷூ போட்டவன் திருவல்லிக்கேணி சந்தில் எப்படி நடப்பான் என்று யோசித்துப் பாருங்கள். சாணி, தண்ணீர், மாட்டு மூத்திரம் எல்லாவற்றையும் தாண்டித் தாண்டித்தான் நடக்க வேண்டும். செட்டுக்குள் தரை சுத்தமாக இருந்தாலும் அதே நடைதான் நடந்தேன். இல்லாத குட்டையைத் தாண்டினேன். யாரும் காரணம் கேட்கவில்லை, ஆனால் சிரித்தார்கள். ஒத்திகைக்கே அந்த ஷூவைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். படப்பிடிப்பு நாளில் முதன்முதலாகப் போடுகிற ஷூ காலைக் கடிக்கும், உங்கள் கவனம் முழுக்க அங்கேதான் இருக்கும்.

அடுத்து விக். பேச்சில் நாங்கள் டோப்பா என்போம்.

நாடகத்திலும் தொலைக்காட்சியிலும் விக் இரண்டு வகையாக வேலை செய்கிறது. ஒன்று நடிகனின் விக். பார்ப்பவருக்கு அது விக் என்றே தெரியக் கூடாது. இன்னொன்று பாத்திரத்தின் விக். அந்த மனிதரே விக் வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருப்பவர். ஓனர் இரண்டாவது வகை. இது சுலபம் என்று தோன்றும். வாடகைக் கடையில் ஒரு நைலான் டோப்பா எடுத்து மாட்டினால் முடிந்ததே? முதலில் அப்படித்தான் எடுத்தோம். கன்னங்கரேல் என்று, எண்ணெய் தடவின மாதிரி மின்னிக்கொண்டு இருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் யூனிட்டே சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு நுழைந்ததோடு சரி, இரண்டாவது வசனத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. மேக்கப் அண்ணன்தான் சிக்கலைப் பிடித்தார். இவ்வளவு மட்டமான டோப்பாவை ஓனர் வைத்திருக்க மாட்டார். அவர் பெருமைக்காரர், நல்ல விலை கொடுத்துத்தான் வாங்கியிருப்பார். அவரைக் காட்டிக்கொடுப்பது விக் இல்லை, அவருடைய வயது.

அதனால் மனித முடியில் ஒன்று செய்யக் கொடுத்தோம். திருப்பதி, பழனி மாதிரியான கோயில்களில் காணிக்கையாகச் சேரும் முடி ஏலத்துக்குப் போகிறது, நல்ல தரமானது பெரும்பாலும் வெளிநாட்டு விக் தொழிலுக்குப் போகிறது. உள்ளூரிலும் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், நைலானைவிட விலை பல மடங்கு. வலையில் ஒவ்வொரு முடியாகக் கையால் முடிச்சுப் போட்டால் நெற்றி ஓரம் இயல்பாக இருக்கும். மெஷினில் வரிசையாகத் தைத்தால் அந்த ஓரம் தடித்துத் தெரியும். எங்கள் பட்ஜெட்டுக்கு முன்பக்கம் மட்டும் கைவேலை, மற்றதெல்லாம் மெஷின். காது பாதி மூடுகிற மாதிரி ஸ்டெப் கட்டிங், முன்னால் ஒரு புஃப். எழுபதுகளில் தெருவுக்குத் தெரு பார்த்த தலை அது.

விக் அழகாக வந்தது. அதுதான் வேடிக்கை. இருபத்தைந்து வயதுப் பையனின் அடர்த்தியான முடி, அதற்குக் கீழே அறுபது வயதுக் கழுத்து. கிருதா ஓரத்திலும் பிடரியிலும் தெரிகிற என் சொந்த முடியை மேக்கப் அண்ணன் வெள்ளையாக்கிவிட்டார். கறுப்பும் வெள்ளையும் சேருகிற அந்த விரல் அகல இடத்தில்தான் முழு நகைச்சுவையும் இருந்தது. குளோசப்பில் பார்ப்பவர் கண் அங்கே போகும், ஓனரோ நிமிர்ந்து எதிராளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

விக் மாட்டும் முறையில் சில விஷயங்கள் யாரும் சொல்லித்தருவதில்லை. உங்கள் முடியை நன்றாகக் குட்டையாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் விக்குக்குக் கீழே மேடு தட்டும். நைலான் ஸ்டாக்கிங் தொப்பியை இறுக்கமாக இழுத்து, பின்னால் ஊசி போட்டு நிறுத்தினால்தான் விக் நழுவாது. முன் ஓரத்துக்கு ஸ்பிரிட் கம் என்கிற தோல் பசை அல்லது இருபக்க டேப். ஸ்பிரிட் கம் எல்லோருடைய தோலுக்கும் ஒத்துக்கொள்ளாது. முதல் நாளே கையின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு தடவிப் பாருங்கள். அரித்தால் டேப்தான் உங்களுக்கு. கழற்றும்போது பிய்க்க வேண்டாம். அதற்கான ரிமூவர் இருக்கிறது, இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயைத் தடவிக் கொஞ்சம் பொறுத்தால் இளகும். நைலான் விக்தான் கிடைத்தது என்றால், மினுமினுப்பைக் குறைக்க லேசாகப் பவுடர் தட்டித் துடைத்துவிடுங்கள்.

எங்கள் ஃப்ளோரில் ஏசி கிடையாது. டேக் போகும்போது சத்தத்துக்காக மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். சென்னை மே மாதம், சஃபாரி சூட், தலையில் டோப்பா. வியர்வையில் பின்பக்க டேப் விட்டுக்கொள்ள ஆரம்பித்தது. டேக் நடுவில் கட் கேட்கத் தயக்கமாக இருந்ததால் இரண்டு விரலால் பிடரியை மெதுவாக அழுத்திக்கொண்டே பேசினேன். பார்த்துக்கொண்டிருந்த எழுத்தாளர் ஓடி வந்தார். "அண்ணே, இதை விட்டுடாதீங்க. இனிமே ஓனர் பொய் சொல்றப்போ எல்லாம் பிடரியைத் தொடணும்." அன்றிலிருந்து அதுவே ஓனரின் முத்திரை. நான் வசனமே பேசாமல் பிடரியைத் தொட்டால் போதும், இவர் ஏதோ புளுகப் போகிறார் என்று வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

டோப்பாவைக் கழற்றி விழ வைக்கும் சீன் வேண்டும், ப்ரோமோவுக்கு நன்றாக இருக்கும் என்று சேனல் தரப்பில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. மேன்ஷனில் தங்கியிருக்கிற அத்தனை பையன்களுக்கும் அது டோப்பா என்று தெரியும். யாரும் சொல்வதில்லை. வாடகை பாக்கி இருப்பதால் சொல்ல முடியாது, பாக்கி இல்லாதவனுக்கோ அவர்மேல் கொஞ்சம் பிரியம். இந்த மௌன ஒப்பந்தத்தில்தான் தொடர் ஓடியது. விக் ஒரு தடவை விழுந்தால் ஒரு நிமிஷம் சிரிக்கலாம், அப்புறம் ஓனருக்குக் காப்பாற்ற எதுவும் இருக்காது.

குரலுக்கு வருகிறேன். எனக்கு அமைய ரொம்ப நாள் ஆனது இதுதான்.

மிமிக்ரிக்காரனுக்குத் தொண்டைக்குள் ஏகப்பட்ட பேர் குடியிருப்பார்கள். எம்.ஆர்.ராதா, நம்பியார், சிவாஜி, ரஜினி. ஓனரின் வசனத்தைப் படித்த உடனே எனக்குள்ளிருந்து நம்பியார் கிளம்பி வந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள், ஆனால் நம்பியாருக்குத்தான் சிரித்தார்கள், ஓனர் அங்கே இல்லவே இல்லை. மேடையில் ஐந்து நிமிஷத்துக்கு அது போதும், வாரா வாரம் வருகிற தொடரில் போதாது. சாயலே இல்லாத ஒரு குரலைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கீச்சுக் குரல் போட்டுப் பார்த்தேன், கரகரப்பு போட்டுப் பார்த்தேன், பல் டெக்னீஷியன் ஒருவரிடம் எடுப்புப் பல் செய்து மாட்டிப் பார்த்தேன். பல்லை மாட்டினால் 'ச'வும் 'ஸ'வும் ஒன்றாகிக் காற்றாக வந்தது. மைக்கில் கேட்கவே முடியவில்லை. அதைத் தூக்கிப் போட்டாயிற்று.

கடைசியில் குரலைத் தந்தது சட்டைதான். அந்த இறுக்கமான சஃபாரியில் முழு மூச்சு எடுக்க முடியாது. ஓனரோ நாடகக்காரர், நீளமான செந்தமிழ் வசனம் பேசிப் பழகினவர். வாக்கியத்தை அரசவையில் நிற்கிற மாதிரி தொடங்குவார், பாதியில் மூச்சு தீர்ந்துவிடும், முடிக்கும்போது சாதாரண மெட்ராஸ் வீட்டுக்காரராக இறங்கிவிடுவார். "என் மாளிகையின் மூன்றாம் தளத்தில் முகாமிட்டிருக்கும் வாலிபனே..." என்று தொடங்கி, மூச்சு வாங்கி, "எட்டு மாசமா வாடகை வரலடா" என்று முடியும். ஒத்திகையில் இது தற்செயலாக வந்தபோது யூனிட்டில் டீ கொடுக்கிற பையன் சிரித்துவிட்டான். அவன் சிரித்தால் எனக்கு நம்பிக்கை வரும். சுருதியையோ தொண்டையையோ நான் மாற்றவே இல்லை. மூச்சின் நீளத்தை மட்டும் மாற்றினேன். யாருடைய சாயலும் அதில் இல்லை.

நாடகக் குரலுக்கு ஒரு பின்னணி உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துக் கம்பெனி நாடகங்களில் மைக் கிடையாது. எஸ்.ஜி.கிட்டப்பா மாதிரியானவர்கள் கொட்டகையின் கடைசி வரிசைவரை தொண்டையாலேயே சேர்த்தார்கள். அந்த மரபில் வந்த நடிகர்கள் உயிரெழுத்தை நீட்டித் தூக்கி எறிவார்கள். 'வாலிபனே'யில் அந்த 'னே' கடைசி பெஞ்சுக்குப் போக வேண்டும். எங்கள் ஓனர் பத்துக்கு எட்டு அறைக்குள் நின்றுகொண்டு இன்னமும் கடைசி வரிசைக்குத்தான் பேசுகிறார். எதிரே இருப்பவன் காதில் விரலை விட்டுக்கொள்வான்.

தெருக்கூத்தில் வேஷக்காரர் முதலில் தெரிய மாட்டார். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், அதற்குப் பின்னாலிருந்து குரல் வரும், ஜனங்கள் காத்திருப்பார்கள், அப்புறம்தான் திரை விலகும். இந்த உத்தியை அப்படியே எடுத்துக்கொண்டோம். ஓனரை நேராகக் காட்டியதே இல்லை. முதலில் மாடிப்படியில் ஷூ சத்தம், பிறகு குரல், பையன்கள் பாயைச் சுருட்டி ஒளிவது, அப்புறம்தான் சஃபாரி. விசித்திரமான கெட்டப்பில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் வரியைத் திரைக்கு வெளியே இருந்து பேச அனுமதி கேளுங்கள். பார்வையாளர் உங்களைக் கேட்டுவிட்டுப் பார்க்கும்போது கெட்டப்பை நம்பத் தயாராக இருப்பார்.

உடையும் விக்கும் குரலும் ஒன்றையொன்று கெடுக்கவும் செய்யும். காதை மூடுகிற விக் போட்டால் உங்கள் குரல் உங்களுக்கே சரியாகக் கேட்காது. தெரியாமலேயே சத்தத்தை ஏற்றுவீர்கள். சாயங்காலம் தொண்டை கட்டும்போதுதான் புரியும். எங்கள் விக்கில் வெளியே தெரியாமல் காதுக்கு நேரே வலையை வெட்டித் துளை போட்டோம். சட்டைக்குள் மைக் வைத்தால் டெரிகாட்டன் உரசுகிற சத்தம் வசனத்துக்கு மேலே கேட்கும். ஒயர் போகிற வழியெல்லாம் டேப் ஒட்டி, மைக்கை அகலமான காலருக்கு அடியில் வைத்தபோது சரியானது. பட்டுப்புடவை, கண்ணாடி வளையல், சலங்கை எல்லாம் சவுண்டுக்காரருக்குத் தலைவலி. உடையை முடிவு செய்வதற்கு முன்பே அவரை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். மூக்குக்கண்ணாடி போடுவதானால் லென்ஸைக் கழற்றிவிடுவார்கள், விளக்கு பிரதிபலிக்கும் என்பதால். லென்ஸ் இல்லை என்பதை மறந்து கண்ணைக் கசக்க விரலை உள்ளே விடாதீர்கள். விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், அதையே ஜோக்காக வைத்துவிடுங்கள்.

தொண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. வாரம் முழுவதும் ஓடுகிற எபிசோடுகளைச் சில நாட்களிலேயே எடுத்து முடிப்பார்கள். அந்த நாட்களில் காலையிலிருந்து இரவு வரை ஒரே குரல். அழுத்திப் பேசுகிற குரலாக இருந்தால் தொண்டை போய்விடும். அதிமதுரம், பனங்கற்கண்டு, மிளகு எல்லாம் இதமாக இருக்கும், நானும் வாயில் போட்டுக்கொள்வேன். ஆனால் களைத்த குரல்நாணுக்கு ஓய்வுதான் மருந்து. ஷாட் இடைவெளியில் வாயை மூடிக்கொண்டு இருங்கள். கிசுகிசுப்பாகப் பேசினால் ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் சிரமம்தான் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் எனக்குச் சொன்னார். குரல் கட்டினது சில வாரத்துக்கு மேல் நீடித்தால் அவரிடம் போய்விடுங்கள். கத்துகிற சீன்களை ஒரே நாளில் அடுக்காமல் பிரித்து வைக்கச் சொல்லி உதவி இயக்குநரிடம் கேட்கலாம், கேட்டால் செய்வார்கள்.

விக்கோ விசேஷ உடையோ இல்லாமலே நின்ற ஆட்களும் இருக்கிறார்கள். லொள்ளு சபாவில் மனோகரைப் பாருங்கள். கைகளை ஆட்டிக்கொண்டு அந்த இழுவைப் பேச்சைப் பேசினால் போதும், சட்டை எதுவாக இருந்தாலும் மனோகர்தான். மறைந்த வடிவேல் பாலாஜி இதற்கு நேர் எதிர். நடிகர் வடிவேலுவின் உருவத்தையும் குரலையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். சாயலை வைத்துக்கொண்டே தனக்கென்று ஒரு டைமிங் சம்பாதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மிமிக்ரிக்காரர்களுக்குத் தெரியும்.

1990-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த மிஸ்டர் பீனுக்கும் விக் கிடையாது. ஒரு பழுப்பு ட்வீட் கோட்டு, ஒல்லியான சிவப்பு டை, கணுக்காலுக்கு மேலே நிற்கிற பேண்ட். பேச்சு தொண்டைக்குள்ளேயே உருளும். யாருக்கும் வேடிக்கையாகத் தெரியாத உடைதான், ஆனால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் உடைக்குள் ஒரு சின்னப் பையன் மாட்டிக்கொண்டிருக்கிறான். விக்குக்கு உதாரணம் கேட்டால் ஆஸ்திரேலியாவின் பாரி ஹம்ஃப்ரிஸைச் சொல்வேன். 1955-இல் மெல்பர்னில் ஒரு சாதாரணப் புறநகர் இல்லத்தரசியாக எட்னாவை மேடையேற்றினார். வருஷங்கள் போகப் போக அவளுடைய தலைமுடி ஊதாவாகியது, கண்ணாடிக்கு இறக்கை முளைத்தது, பேச்சில் ராணித் தோரணை ஏறியது. 1974-இல் ஒரு படத்தில் பிரதமர் கஃப் விட்லமே தோன்றி அவளுக்கு 'டேம்' பட்டம் கொடுத்தார், ஆண்களுக்கு 'சர்' மாதிரி பெண்களுக்கு அது. முழு அலங்காரத்தோடு தொடங்கியிருந்தால் அவளுக்குப் பிற்பாடு வளர இடமே இருந்திருக்காது. நாங்களும் ஓனருக்குக் கலர் கண்ணாடியை ரொம்ப நாள் கழித்துத்தான் கொடுத்தோம், அதுவும் அவர் வீட்டுக்கு ஒரு பழைய நாடக நடிகை வருகிற எபிசோடில்.

நம் தொலைக்காட்சியில் ஆண் புடவை கட்டினால் போதும் சிரிப்பு வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆண்களே பெண் வேஷம் கட்டுகிற ஸ்திரீபார்ட் மரபு நமக்கு உண்டு. டி.கே.சண்முகம் ஔவையாராக நடித்து அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. அதில் நடிப்பு இருந்தது. இப்போது பல இடங்களில் ஆண் புடவையில் நிற்கிறான் என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. பெரும்பாலும் திருநங்கைகளைக் கேலி செய்வதில்தான் அது போய் முடிகிறது. முகத்தில் கறுப்பு பூசிக் கிராமத்தான் என்று காட்டுவதும் அதே ரகம். எனக்கு ஒருமுறை ஓனருக்குத் திக்குவாய் வைத்தால் என்ன என்று யோசனை சொன்னார்கள். மாட்டேன் என்றேன். ஓனரின் பேச்சு உடைவது பெருமைக்கும் மூச்சுக்கும் நடுவில். உடம்புக் குறையைக் காட்டிச் சிரிக்கவைத்தால் அந்தப் பெருமை பார்ப்பவர் கண்ணிலேயே படாது.

பராமரிப்பு யாருடைய பொறுப்பு என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீனுக்கும் முன்னும் பின்னும் தலை, காலர், பாக்கெட் மூன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே சீனின் தொடர்ச்சியை எடுக்கும்போது எந்தப் பொத்தான் போட்டிருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. விக்கைப் பைக்குள் திணிக்காமல் தலை அச்சில் மாட்டி வைக்க வேண்டும். மனித முடி என்றால் மிதமான ஷாம்புவில் அலசி நிழலில் காயவைக்கலாம், வெயிலில் போட்டால் செம்பட்டையாகிவிடும். மழை சீனுக்கும் தண்ணீர் ஊற்றுகிற சீனுக்கும் பழைய நைலான் டோப்பாவை ஒதுக்கி வைத்திருந்தோம். நனைந்த பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

கடைசியாகக் காசு விஷயம். தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே கல்லூரி விழா, கோயில் திருவிழா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், எல்லோரும் கேட்டது "அதே கெட்டப்பில் வாங்க" என்றுதான். விசாரித்தால், பாத்திரத்தின் பெயரும் தோற்றமும் தயாரிப்புத் தரப்புக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அப்படித்தான் இருக்கும், கையெழுத்துப் போடும்போது யாரும் படிப்பதில்லை. விக்கையும் சஃபாரியையும் வெளியே எடுத்துப்போக முடியாது. ஆனால் செந்தமிழில் தொடங்கி மெட்ராஸ் தமிழில் மூச்சு வாங்கி முடிகிற பேச்சு யாருக்கும் சொந்தம் என்று அதில் எழுதியிருக்கவில்லை. வேட்டி சட்டையில் போனேன், மேடைக்குப் பின்னாலிருந்தே முதல் வரியைச் சொல்லிவிட்டு ஏறினேன், சம்பளத்தையும் குறைக்கவில்லை. அடுத்து ஒப்புக்கொண்ட தொடரில் விக்கை என் செலவிலேயே செய்து, அது என்னுடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கொஞ்சம் முனகிவிட்டுச் சேர்த்தார்கள்.